போனைப் பார்த்து லேத் ஓட்டினவள்

எங்கள் வீட்டுக்குப் பின்னால், போத்தனூர் ரயில் பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில், தகரக் கூரை போட்ட ஷெட் ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரே ஒரு லேத். கல்யாணத்துக்கு முன்பே என் கணவர் எங்கோ மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து வாங்கிப் போட்டது. அவர் அதில் இரும்பு ராடைச் சுற்றவிட்டுச் சீவி, பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். நான் முன்னறையில் ஜாக்கெட் தைப்பேன். இரண்டு மிஷினும் ஓடினால்தான் எங்களுக்கு மாதம் ஓடும். அவர் மிஷினை நான் தொட்டதில்லை. தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. அவரும்தான் என் தையல் மிஷினைத் தொட்டதில்லை.

ஆடிச் சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், சுந்தராபுரம் தாண்டி மணல் சிந்திக் கிடந்த வளைவில் அவருடைய வண்டி சறுக்கியது. வலது மணிக்கட்டு நொறுங்கிப்போய், உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். சோறு தின்னலாம், கையெழுத்துப் போடலாம், மெதுவாக வண்டிகூட ஓட்டலாம், ஆனால் இறுக்கிப் பிடித்துத் திருகுகிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் சொன்னார். கணவர் தலையை மட்டும் ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பழைய மிஷின் புரோக்கருக்குப் போன் போட்டார்.

புரோக்கர் வந்து லேத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தட்டினார், தடவினார், உதட்டைப் பிதுக்கினார், கடைசியில் எடுத்துக்கொள்கிறேன் என்றார். என் கணவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஆயுத பூஜை முடிந்த பிறகுதான் மிஷின் கிளம்பும். இத்தனை வருஷம் சோறு போட்டதற்குச் சந்தனம் குங்குமம் வைக்காமல் வெளியே அனுப்பக் கூடாது. புரோக்கரும் மிஷின்காரர்தானே, உடனே ஒத்துக்கொண்டார். கைகொடுத்துப் பேச்சை முடித்தார்கள். எங்கள் பக்கத்தில் கைகொடுத்தால் எழுதிக் கொடுத்த மாதிரி.

எனக்குத் திகுதிகுவென்று எரிந்தது. காரணம் லேத் இல்லை. அது போனால் இவர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் வேலைக்குப் போவதாக முடிவு செய்திருந்தார், விசாரித்தும் வைத்திருந்தார். ஷாஃப்டை விரலால் தடவியே எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்கிற மனுஷன், வருகிற காருக்கெல்லாம் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடிக்கப் போகிறார். என்னால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. வாட்ச்மேன் வேலை கேவலம் என்று சொல்லவில்லை. அது இவருக்கானது இல்லை, அவ்வளவுதான்.

நான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன், படவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு ஊட்டுல ஒரு கை போனது போதும் அம்மணி" என்றார். அதற்கு மேல் எவ்வளவு கேட்டும் சொல்லித்தர மாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் பயந்திருந்தார். வண்டியிலிருந்து விழுந்ததில் கையை விட அந்தப் பயம்தான் பெரிய முறிவு என்று எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்ததால் சும்மா இருந்துவிடுவேன் என்று அவர் நினைத்திருந்தால், இத்தனை வருஷம் யாரோடு குடித்தனம் நடத்தினார் என்றே தெரியவில்லை.

சொல்லித்தராவிட்டால் போகட்டும், போன் இருக்கிறது. தையல் மிஷின் மேல் ஊசி டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். கொக்கி தைப்பதற்கும் ஹெம்மிங் செய்வதற்கும் கண் பாதி போதும், காதும் மீதிக் கண்ணும் சும்மாதானே இருக்கின்றன. முதலில் கிடைத்தவர் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். அவருடைய ஷெட் எங்கள் வீட்டுப் பூஜையறையை விடச் சுத்தமாக இருந்தது. பத்து நிமிஷம் பேசிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். அடுத்து வடக்கே எங்கோ ஒரு பட்டறை. ஒருவரும் வாயே திறக்க மாட்டார்கள், செருப்புக் காலோடு லாரி ஆக்ஸிலையே கடைந்து தள்ளுவார்கள். பார்த்தால் நடுங்கும், ஆனாலும் அடுத்ததையும் பார்க்கத் தோன்றும். கடைசியில் நம் தமிழில் ஒருவர் கிடைத்தார். முகத்தைக் காட்டவே மாட்டார், கை மட்டும்தான் தெரியும். இரும்பைச் சீவுகிற டூலை எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தக் கோணத்தில் சாணை பிடிக்க வேண்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வார். நான் அந்தக் கைகளுக்கு ரசிகையாகிவிட்டேன்.

கணவர் கூடத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். வீடியோவில் யாராவது ஏதாவது சொன்னால் அங்கிருந்தே முணுமுணுப்பார். அந்த மிஷின் ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் கடையலாம் என்பார். லாரி ஆக்ஸில்காரர்களை மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டார், எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். நான் திரும்பினால் தண்ணீர் குடிக்க வந்த மாதிரி நடிப்பார். அந்த முணுமுணுப்புகளையும் நான் பாடமாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு பம்ப் கம்பெனிக்குப் போனேன். அங்கே பர்ச்சேஸ் பார்க்கிற தம்பி, ஷாஃப்ட் வேலையை வேறு ஆளுக்கு மாற்றப் போவதாகச் சொன்னார். அவர் பேரில் தப்பில்லை, அவருக்குப் பம்ப் போக வேண்டும். பூஜைக்குள் மாதிரிக்குக் கொஞ்சம் கடைந்து தருகிறோம், தேறினால் வேலையை எங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுச் சரிக்கட்டினேன். யார் கடையப் போவது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராடு துண்டுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியபோது கணவர் வாசலில் நின்று பார்த்தார். ஷெட் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளைக்காரர் ஒவ்வொரு வீடியோவிலும் முதலில் ஒன்றைச் சொல்வார். மோதிரம், வளையல், சங்கிலி, தொங்குகிற துணி, எதுவும் மிஷின் பக்கம் வரக் கூடாது. சுற்றுகிற இரும்பு ஒரு நூலைப் பிடித்தாலும் ஆளையே இழுத்துக்கொள்ளும். நான் வளையலைக் கழற்றினேன், மோதிரத்தைக் கழற்றினேன். சேலைக்குப் பதில் சுடிதார், துப்பட்டா கிடையாது, சுடிதார் கையை முழங்கைக்கு மேலேயே வெட்டித் தைத்துவிட்டேன். தலைமுடியைக் கொண்டை போட்டு அதன் மேல் துணி கட்டினேன். தாலிக்கொடியை மட்டும் உள்ளே தள்ளி ஊக்குப் போட்டுக்கொண்டேன். அதைக் கழற்றுவது பற்றி யோசிக்கக்கூட இல்லை. வெள்ளைக்காரருக்குத் தாலி என்று ஒன்று இருப்பதே தெரியாது.

முதல் நாள் ஷெட்டில் கிடந்த பழைய ராடு ஒன்றில் பழகிப் பார்த்தேன், நன்றாகத்தான் போனது. இரும்பிலிருந்து சுருள் சுருளாக, நீல நிறத்தில், சுடச்சுட உதிர்ந்தது. அளவெல்லாம் அப்புறம், இரும்பு என் சொல் கேட்கிறதே என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் நன்றாகப் பார்க்கக் குனிந்தேன். ஊக்கு எப்போது விட்டதோ தெரியாது, கொடி உடைக்குள்ளிருந்து நழுவி வெளியே வந்து, சுற்றுகிற ராடுக்கு நேர் மேலே தொங்கி ஆடியது. எப்படிப் பின்னால் சாய்ந்தேன், எப்படிச் சுவிட்சை அணைத்தேன் என்று தெரியாது.

கணவர் ஷெட் வாசலில் நின்றிருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது. இதற்குத்தான் சொன்னேன், பூட்டிவிட்டு வா என்றார். நான் கொடியைக் கழற்றினேன். அவர் பதறிப்போய் ஒரு அடி முன்னால் வந்தார். நான் அவர் கிட்டே போய், அவர் தலை வழியாக அதைப் போட்டு, சட்டைக்குள் தள்ளிவிட்டேன்.

"இது உங்க ஆயுசுக்குத்தானுங்க? அப்ப வேலை முடியற வரைக்கும் உங்க கழுத்துலயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு தானாக அமைந்துவிட்டது. லேத் ஓடுகிற நேரமெல்லாம் கொடி அவர் கழுத்தில். அதைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்கா போக முடியும்? வேறு வழியில்லாமல் ஷெட்டிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜாக்கெட் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா என் வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டுப் பதறி, என்ன ஆச்சு என்று கேட்டது. பத்திரமாக இருக்கிறது, வீட்டுக்காரர்தான் வைத்திருக்கிறார் என்றேன். அடகு வைத்துவிட்டதாக அது தெருவெல்லாம் வருத்தப்பட்டதாக அப்புறம் கேள்விப்பட்டேன்.

இனி கம்பெனி ராடுகள். ஷாஃப்டில் பேரிங் உட்காருகிற இடம்தான் உயிர். கொஞ்சம் தடித்திருந்தால் பேரிங் ஏறாது, கொஞ்சம் மெலிந்தால் லொடலொடவென்று ஆடும். தடித்ததை இன்னும் கொஞ்சம் கடையலாம். மெலிந்ததைக் குப்பையில்தான் போட வேண்டும். கழுத்தை ஆழமாக வெட்டிவிட்ட ஜாக்கெட் மாதிரி, அதை யாருக்கும் போட முடியாது. இன்னும் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அளந்து, அதில் பாதியை, டூலை நகர்த்துகிற கைப்பிடியில் அளவுக்கோடு போட்ட வளையத்தில் வைத்து, மிஷினை ஓட்டினேன். ஒரு பக்கம் ஒன்று போனால் குறுக்களவில் இரண்டு குறையும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓட்டி முடித்து அளந்தால் மெலிந்திருந்தது. அடுத்ததும் மெலிந்தது. கணக்கைத் திரும்பப் போட்டேன், சரியாக இருந்தது. ரொம்ப ஜாக்கிரதையாக இன்னொன்றைக் கடைந்தேன். பேரிங்கை எடுத்து மாட்டினால், கிணற்றில் போட்ட கல் மாதிரி கடகடவென்று இறங்கியது.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அவர் எழுந்து பூட்டைத் தேடுவார் என்று மிஷின் துடைக்கிற பனியன் வேஸ்ட் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கையில் கிரீஸ் இருந்ததால் முகமும் கறுப்பாகிவிட்டது. அவர் ஸ்டூலில் இருந்தபடியே, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அந்த மிஷின் நெறையத் திங்கும் அம்மணி. என்ற கைக்கு மட்டுந்தான் அடங்கும்" என்றார்.

அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. அதென்ன நிறையத் தின்பது? தவிடு கண்ட எருமையா அது? எனக்கு வந்த கோபத்தில் அழுகை நின்றுவிட்டது. கெட்டுப்போன ஷாஃப்டுகளை வரிசையாக வைத்து அளந்து பார்த்தேன். எல்லாமே மெலிந்துதான் இருந்தன, ஒன்றுகூடத் தடிக்கவில்லை. என் கை தப்பு என்றால் ஒரு தடவை அப்படியும் ஒரு தடவை இப்படியும் போயிருக்க வேண்டும். ஒருமுறை என் டேப் வெயிலில் இழுபட்டு நீண்டுபோனது. அன்றைக்கு நோட்டில் இருந்த பழைய அளவுக்குத் தைத்த ஜாக்கெட்டெல்லாம் ஒரே மாதிரி தொளதொளத்தது. டேப்பை மாற்றியதும் சரியாகிவிட்டது. இங்கேயும் டேப்தான் பொய் சொல்கிறதோ என்று தோன்றியது.

கைப்பிடி வளையத்தை நம்பலாமா என்று வீடியோக்களில் தேடினேன். வெள்ளைக்காரர் அதற்கென்றே ஒரு வீடியோ போட்டிருந்தார், வழக்கம் போலப் பத்து நிமிஷம் பேசிவிட்டு. கடிகாரம் போல முள் வைத்த கேஜ் ஒன்று கணவரின் பெட்டியில் எண்ணெய்த் துணியில் சுற்றிக் கிடந்தது. அதை மிஷின் மேல் காந்தத்தால் நிறுத்தி, டூல் நகர்கிற பலகையில் அதன் முனை படும்படி வைத்தேன். கைப்பிடியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினேன். வளையத்தில் போட்டிருந்த கணக்குப்படி டூல் நாலு மில்லி போயிருக்க வேண்டும். முள் ஒவ்வொரு மில்லிக்கும் ஒரு சுற்று வரும். அது நாலு சுற்று முடித்து, நிற்காமல், ஐந்தாவதையும் முடித்து நின்றது. நான் திரும்பப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு தடவை சுற்றினேன். திரும்பவும் ஐந்து.

விஷயம் அவ்வளவுதான். வளையம் ஒரு மிஷினுடையது, உள்ளே டூலைத் தள்ளுகிற திருகு வேறொரு மிஷினுடையது. இதற்கு முன் வைத்திருந்தவர் யாரோ, தேய்ந்துபோன திருகுக்குப் பதில் கையில் கிடைத்ததை மாட்டிவிட்டு, ஓடுகிறதே போதும் என்று விட்டிருக்கிறார். நம் ஊர்ப் பட்டறைகளில் அது ஒன்றும் அதிசயமில்லை. என் கணவர் அந்த மிஷினை வாங்கிய நாளிலிருந்து, அது அதிகம் தின்னும் என்று நம்பி, ஒவ்வொரு முறையும் கையை இழுத்துப் பிடித்தே ஓட்டியிருக்கிறார். நான் கூப்பிட்டதும் எழுந்து வந்தார். இடது கையால் அவரே கைப்பிடியைச் சுற்றி முள்ளைப் பார்த்தார். மறுபடியும் சுற்றினார்.

"இதோட கொணமே அப்படித்தான்னு நெனச்சுப்போட்டேன்" என்றார். அப்புறம் சிரித்தார். வண்டியிலிருந்து விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அடக்க முடியவில்லை, முகமெல்லாம் கிரீஸோடு நானும் சேர்ந்து சிரித்தேன்.

சரியான திருகு தேடிப்போகப் பூஜைக்குள் நேரமில்லை. வளையத்தின் சுற்றளவை என் தையல் டேப்பால் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அந்த நீளத்தில் ஒரு காகிதப் பட்டை, அதில் சரிசமமாக நூறு கோடு வேண்டும் என்றேன். கடையில் இருந்த பெண், ஸ்கூல் ப்ராஜெக்டுங்களா அக்கா என்று கேட்டது. ஆமாம், என் ப்ராஜெக்ட் என்றேன். வீட்டுக்கு வந்து பட்டையை வளையத்தில் சுற்றி ஒட்டி, மேலே கண்ணாடி டேப் போட்டேன். இப்படியும் செய்யலாம் என்று போனில் எவரோ காட்டியிருந்தார். நூறு கோடும் சேர்ந்தால் முள் காட்டின அதே ஐந்து மில்லி, இனி கணக்கு நேராக வரும்.

அடுத்த ராடைப் பூட்டினேன். அளந்தேன், பாதியை வைத்தேன், ஓட்டினேன். கணவர் முதல்முறையாக வாயைத் திறந்து, சூட்டோடு அளக்காதே, ஆறட்டும் என்றார். ஆறும் வரை கீழே கிடந்த இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளினேன். பிறகு பேரிங்கை எடுத்து வைத்தேன். அது இறங்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தினேன், ம்ஹூம். மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டினேன். அது முனகிக்கொண்டே ஏறி, அதன் இடத்தில் அம்சமாக உட்கார்ந்தது. அப்பாடா என்று இருந்தது. மிஷினைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருப்பேன், அவர் பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டேன்.

பூஜைக்கு முன்னால் கம்பெனிக்குக் கொண்டுபோனேன். அங்கே அளவு பார்க்கிற பையனிடம் இரண்டு இரும்பு வளையங்கள் உண்டு. ஒன்று ஷாஃப்டில் ஏற வேண்டும், இன்னொன்று ஏறக் கூடாது. ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து அந்தப் பக்கம் அடுக்கினான். எல்லாம் முடிந்ததும், அண்ணனுக்குக் கை நன்றாகிவிட்டதா என்று விசாரித்தான்.

"அவருக்குக் கை இன்னும் ஆகலீங்க தம்பி. நாந்தானுங்க கடைஞ்சேன்" என்றேன்.

பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அடுக்கி வைத்ததையெல்லாம் திரும்ப இந்தப் பக்கம் எடுத்து, முதலிலிருந்து மறுபடியும் பார்த்தான். எனக்குக் கோபம் வர வேண்டும், வரவில்லை. நிதானமாகப் பார்க்கட்டும் என்று நின்றேன். ஒன்றுகூடத் தவறவில்லை. முதல் தடவை தேறியதை விட இந்த இரண்டாம் தடவைதான் எனக்கு ஜிலேபி தின்ற மாதிரி இருந்தது. அன்றே அடுத்த லோடு ராடை டெம்போவில் ஏற்றிவிட்டார்கள். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ராணி மாதிரி ஊர் திரும்பினேன்.

ஆனாலும் லேத் எங்களுடையதாகிவிடவில்லை. கைகொடுத்துப் பேசிய பேச்சு அப்படியே இருந்தது. புரோக்கருக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. நான் கேட்டு அவர் சரி என்றால் அது எனக்காகச் சொன்னதாகிவிடும். அவருக்காகவே அது தோன்ற வேண்டும். ஆயுத பூஜையன்று மிஷினைத் துடைத்து, இடது கையால் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தார். பொரியும் கடலையும் கொடுத்தார். புரோக்கர் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

விஜயதசமி கழிந்த மறுநாள் காலை நான் ஷாஃப்ட் கடைந்துகொண்டிருந்தபோது வாசலில் டெம்போ வந்து நின்றது. புரோக்கரின் குரல் கேட்டது. செயினும் உருளையும் கொண்டு வந்திருப்பதாகவும் மத்தியானத்துக்குள் ஏற்றிவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். டூல் அப்போதுதான் பேரிங் இடத்தில் கடைசி ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்தினால் அங்கே கோடு விழுந்துவிடும். நான் திரும்பிப் பார்க்கவில்லை, காதை மட்டும் வாசலுக்கு அனுப்பினேன்.

"கோவிச்சுக்காதீங்க, மிஷின் குடுக்கறதில்லீங்க" என்றார் என் கணவர்.

கைகொடுத்துவிட்டு இப்படிப் பேசலாமா என்று புரோக்கர் வருத்தப்பட்டார். கை சரியில்லாமல் எப்படி ஓட்டுவீர்கள், ஆள் போட்டுவிட்டீர்களா, எந்தக் கம்பெனியில் இருந்த ஆள் என்று அடுக்கினார்.

"எந்தக் கம்பெனிலயும் இல்லீங்க, எங்கூட்டம்மாதானுங்க. இத்தன வருசமா நான் இந்த மிஷினோட தப்புக்கு அனுசரிச்சே ஓட்டுனனுங்க. அவங்க அந்தத் தப்பையே புடிச்சுப்போட்டாங்க."

புரோக்கர் நம்பாமல் ஷெட்டுக்குள் நாலு எட்டு வைத்தார். ஏனுங்க அம்மா என்று என்னைக் கூப்பிட ஆரம்பித்தவரை என் கணவர் தடுத்தது கேட்டது. "இப்பக் கூப்பிடாதீங்க. வேலைல இருக்கறாங்க."

எனக்குக் கண் மறைத்தது. கண்ணை அழுத்தி மூடித் திறந்து டூலின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓட்டம் முடிந்தது. மிஷினை அணைத்தேன், ஷாஃப்ட் ஆறக் காத்திருந்தேன், அளந்தேன். அளவு சரியாக இருந்தது. அதன் பிறகுதான் திரும்பி, வாங்கண்ணா, உட்காருங்கள், ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். டீ போட என் கணவர் ஏற்கெனவே உள்ளே போயிருந்தார்.